போர்மாச் சூடு

கருங்கல் சந்தையில் இருந்து தெற்கே இறங்குகிற ரோட்டில் ஒரு அண்டி ஆபீஸ் இருக்கிறது. முந்திரிப்பருப்பு ஆலையை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். சுட்டு, உடைத்து எடுத்த பருப்பு அங்கே ஒரு சூட்டறைக்குள் போகும். ஒரு ஆள் நிமிர்ந்து நிற்கலாம் என்கிற உயரம். இரும்புக் கதவு. அடியில் நெருப்பு. அதற்குப் போர்மா என்று பெயர். ஈரம் போய்ப் பருப்பு கலகலவென்று ஆனதும் தட்டுகளை வெளியே இழுத்துவிடுவார்கள். சூடு மட்டும் உள்ளே கிடக்கும்.

ஆவணி மழை தூறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், அந்தச் சூட்டுக்குள் ஷைஜாவின் கணவன் ஜெஸ்பின் உட்கார்ந்திருந்தான். மேலே ரப்பர் வெட்டுகிறவர்கள் போடும் மழைக்கோட்டு, அதற்குள் கம்பளிச் சட்டை, தலையில் துவர்த்துத் துண்டு. கதவை ஒருக்களித்துப் பிடித்தபடி ஷைஜா வெளியே நின்றாள். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை கூப்பிடுவாள். பதில் வரவேண்டும். வராவிட்டால் கதவைத் திறந்து ஆளை வெளியே இழுத்துப் போடவேண்டும். அதுதான் பேச்சு.

"அத்தான்."

"ம்."

தோல் உரிக்கும் ஷெட்டில் இருந்து கிரேசி கழுத்தை நீட்டினாள். ஷைஜாவும் அவளும் பத்து வருஷமாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பருப்புத் தோல் உரிக்கிறவர்கள்.

"ஏட்டி ஷைஜா, வெந்துதா?"

"இன்னும் கொஞ்சம் வேகணும்."

"வெந்தா சொல்லு, தோல் உரிச்சுத் தாறோம். முழுப் பருப்பா, ஒடஞ்சதா?"

"ஒடஞ்சதுதான்" என்று போர்மாவுக்குள் இருந்தே குரல் வந்தது. "ரெண்டு எடத்துல ஒட்டிக் குடுத்திருக்கு."

ஷெட் முழுதும் சிரித்தது. ஷைஜாவும் சிரித்தாள். அவனுக்குப் பேச முடிகிறது என்பதே அவளுக்குப் போதும்.

ஜெஸ்பின் குதிரைப் பந்தய ஜாக்கி. கல்யாணம் பேச வந்த அன்றைக்கு ஷைஜாவின் அப்பா, "மாப்பிளைக்கு என்ன ஜோலி?" என்று கேட்டார். ஜாக்கி என்றார்கள். "டயரு மாத்தும்போ வண்டியப் பொக்குவானுவளே, அதா?" என்றார். ஊரில் யாருக்கும் அப்படி ஒரு ஜோலி இருப்பது தெரியாது. பதினைந்து வயதில், வளராத பையன் என்று வீட்டில் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, சென்னையில் லாயத்தில் வேலை செய்த சித்தப்பா ஒருவர் அழைத்துப் போனார். சாணம் அள்ளினான், புல் போட்டான், பிறகு ஏறினான். ஏறிய பிறகு இறங்கவே இல்லை. ஒரே நாளில் நாலு பந்தயம் ஜெயித்தது உண்டு. பெரிய கோப்பையோடு நிற்கும் படம் பேப்பரில் வந்தது. அம்மை தேவகனி அதை வெட்டி பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள். பந்தயம் என்றால் சூதாட்டம் என்று சபையில் பேச்சு இருந்தது. என்றாலும் படத்தை அவள் பைபிளில் இருந்து எடுக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, பெங்களூர்ப் பந்தயத்தில் ஒரு வளைவில் முன்னால் போன குதிரை இடறியது. அதன்மேல் இவன் குதிரை. இவன்மேல் இரண்டும். தோள் எலும்பும் தொடை எலும்பும் போயின. எலும்பு சேர்ந்தது. இடது தோள் மட்டும் ஒரு விரல்கடை தாழ்ந்தே நின்றது. படுத்துக் கிடந்த காலத்தில் உடம்பு வைத்தது. எழுந்து மறுபடி பெங்களூருக்குப் போனான். காலையில் குதிரைகளுக்குப் பயிற்சி கொடுக்கக் கூப்பிட்டார்கள். பந்தயத்துக்குக் கூப்பிடவில்லை. விழுந்தவன், கனம் கூடியவன் என்ற பெயர் அவனுக்கு முன்னாலேயே எல்லா லாயத்துக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. ஆடி மாதம் பெட்டியோடு ஊருக்கு வந்தான். மரச்சீனிக் கிழங்கும் மத்திக் குழம்பும் தின்றான். யாரோடும் பேசவில்லை. ரப்பர் வெட்டப் படிக்கலாமா என்று ஷைஜாவிடம் ஒருநாள் கேட்டான்.

அப்போதுதான் மைசூரில் இருந்து டிரெயினர் அனில்குமார் போன் செய்தார். ரோஸி ரிவர் என்று ஒரு பெண்குதிரை. சாட்டை பட்டால் முரண்டு பிடித்து நின்றுவிடும். குட்டியாக இருந்தபோது அதன்மேல் முதலில் ஏறியவன் ஜெஸ்பின். இப்போது ஓட்டுகிறவனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. புரட்டாசி முதல் வாரம் கோப்பைப் பந்தயம். "உனக்கு ஓட்டத் தெரியுமான்னு நான் கேக்கல. சேணத்தோட அம்பத்திரண்டு கிலோ வருவியான்னு கேக்கேன்" என்றார். அப்போது ஜெஸ்பின் சேணம் இல்லாமலே ஐம்பத்தாறு.

"வருவேன்" என்று சொல்லிவிட்டான். இதை விட்டால் வேறு போன் வராது. அது அவனுக்கும் தெரியும், ஷைஜாவுக்கும் தெரியும்.

ஜாக்கிகள் வியர்க்க வைக்கும் நீராவி அறை கருங்கலில் கிடையாது. போர்மாவை நினைத்தவள் ஷைஜாதான். சூப்பர்வைசர் கிருஷ்ணமணியிடம் கேட்டாள்.

"பருப்பு ஒணக்குத எடத்துல ஆள ஒணக்கவா? மொதலாளி அறிஞ்சா என்னைய அதுக்குள்ள வச்சுப் பூட்டுவாரு" என்றார் கிருஷ்ணமணி. பிறகு தாடையைச் சொறிந்தார். "தட்டு எறக்குன பொறவு சூடு சும்மாதான கெடக்கு. வரச்சொல்லு அவன. ஆனா எடை நம்ம தராசுலதான் போடணும். எனக்கும் பாக்கணும்."

அப்படியாக, பருப்பு டின் நிறுக்கும் தராசில் ஜெஸ்பினையும் அவன் சேணத்தோடு சேர்த்துத் தினமும் நிறுத்தார்கள். பெண்கள் வேலை முடிந்து கைகழுவிவிட்டு, வீட்டுக்குப் போகாமல் சுற்றி நிற்பார்கள். கிருஷ்ணமணி எடையை உரக்கச் சொல்வார். குறைந்தால் குலவை. குறையாவிட்டால், "கோட்டு நனஞ்சிருக்கும்ப்பா" என்று சமாதானம்.

சமையல் ஷைஜாவின் பாடு. அப்படிச் சொல்வதுகூடச் சரியில்லை. சமைக்காமல் இருப்பதுதான் அவள் பாடு. காலையில் அவித்த முட்டையின் வெள்ளை. உச்சைக்கு வேகவைத்த பயறு ஒரு கை. அந்திக்கு உப்பில்லாத கஞ்சிவெள்ளம். உப்பு உடம்பில் நீரைப் பிடித்து வைக்கும், அது கூடவே கூடாது என்று ஜெஸ்பினே சொல்லியிருந்தான். வாய்க்கு ருசியாகப் போட்டுக் கொடுத்தே பழகிய கை அவளுடையது. ஒரு மனிதனைப் பட்டினி போடுவதற்கு இவ்வளவு கவனம் வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. தன்னுடைய சோற்றை அவள் அண்டி ஆபீஸில் வைத்தே தின்றுவிட்டு வந்தாள். வீட்டில் மீன் பொரிக்கவில்லை. தேங்காய் வறுக்கவில்லை. அடுத்த வீட்டில் வறுத்தால் எழுந்துபோய் ஜன்னலை அடைத்தாள்.

முதல் வாரம் எடை மளமளவென்று இறங்கியது. பிறகு ஐம்பத்து மூன்றில் வந்து நின்றது. நின்றது நின்றதுதான். போர்மாவில் இரண்டு கிலோ வியர்ப்பான், மறுநாள் சாயங்காலம் அதே ஐம்பத்து மூன்று.

"தராசு சரியில்ல" என்றாள் கிரேசி.

"எனக்க தராசப் பத்தி வல்லதும் சொன்னா நாளைக்கு ஒனக்க டின்ன நான் நிறுக்கமாட்டேன்" என்றார் கிருஷ்ணமணி.

ஜெஸ்பின் மழைக்கோட்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். தாழ்ந்த தோள் அன்றைக்கு இன்னும் தாழ்ந்திருந்தது. அவனுக்குப் பின்னால் நடந்த ஷைஜாவுக்கு, ரப்பர் வெட்டப் படிக்கலாமா என்று கேட்ட முகம் ஞாபகம் வந்தது.

அன்றைக்கு அந்தியில் அவன் குடித்து வைத்த கிண்ணத்தைக் கழுவ எடுத்தாள். அடியில் ஒரு வாய் கஞ்சிவெள்ளம் கிடந்தது. வீணாக்குவானேன் என்று வாயில் ஊற்றினாள்.

உப்பு.

கொஞ்சநஞ்சம் இல்லை, நல்ல கணக்கான உப்பு. அவள் கிண்ணத்தோடு அடுக்களைக்குப் போனாள். தேவகனி அடுப்படியில் உட்கார்ந்து சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, இதுல உப்புப் போட்டியளா?"

தேவகனி நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மாமி, ஒங்களிட்டயாக்கும் கேக்கேன்."

"போட்டேன். அதுக்கென்ன இப்பம்?"

"எத்ர நாளா?"

"அவன் போர்மாவுல இருந்து கறுத்துச் சுருங்கி வந்து நின்னான் பாரு, அன்னைக்கே இருந்து." சுள்ளியைக் கீழே போட்டாள். "உப்பில்லாத கஞ்சிவெள்ளம் நான் ஆட்டுக்கும் மாட்டுக்கும் குடுத்திருக்கேன். பெத்த பிள்ளைக்குக் குடுத்ததில்ல. சோறு வேண்டாம், சரி. மீன் வேண்டாம், சரி. உப்புமா வேண்டாம்? உப்பு என்ன எடைக்கு இருக்கும்ட்டி? ஒரு நுள்ளு."

"அந்த நுள்ளாக்கும் அவருக்க எடையப் பிடிச்சு வச்சிருக்கு. வேர்த்துப் போற வெள்ளம் அத்தனையும் திரிச்சு வந்து உள்ள இருக்கு. போர்மாவுல அவரு சாகாத கொறையா வேகுதாரு மாமி."

"நீயாக்கும் எனக்க மவன அதுக்குள்ள கொண்டு வச்சது."

அது உண்மைதான். ஷைஜாதான் வைத்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவளும் அவள்தான். அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று பொறி தட்டியது. திரும்பிப் பார்த்தாள். ஜெஸ்பின் நடையில் நின்றுகொண்டிருந்தான்.

"நீங்க குடிச்சியளே. உப்பு ஒங்களுக்குத் தெரியல்லியா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"தெரிஞ்சுது."

"பொறவு?"

"மொத நாளு அம்மைக்கிட்டச் சொல்லணும்னு நெனச்சேன். நாக்கு விடல்ல ஷைஜா. நாள் முழுக்க அந்த ஒரு கிண்ணத்த நெனச்சுக்கிட்டுத்தான் போர்மாவுக்குள்ள இருப்பேன். உப்பில்லன்னா அதுவும் போவும்."

மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. ஷைஜா கத்தவில்லை. உப்புப் பரணியைத் தூக்கினாள். வெளியே இறங்கி, மழையில் நனைந்துகொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

"பூங்கனியக்கா, இத ஒங்க வீட்டுல வையுங்க. நானே வந்து கேட்டாலும் தரப்பிடாது. பந்தயம் முடியட்டும்."

பூங்கனியும் அண்டி ஆபீஸ்காரிதான். ஜெபக்கூட்டம் நடத்துகிறவள். பரணியை வாங்கி, ஒன்றும் கேட்காமல் பைபிள் வைத்திருந்த அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் முதல் அந்த வீட்டில் மூன்று பேருக்கும் உப்பு இல்லை. ஷைஜா அண்டி ஆபீஸ் சோற்றையும் நிறுத்திவிட்டாள். தேவகனி முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தின்றாள். இரண்டாம் நாள், "சவம், பஞ்சு மாதிரி இருக்கு" என்றாள். மூன்றாம் நாள் மகனைப் பார்த்து, "லே, எப்பிடிலே இத எறக்குத?" என்று கேட்டாள். அவன் சிரித்துவிட்டான். ஆடி மாதம் ஊருக்கு வந்ததில் இருந்து அம்மையைப் பார்த்து அவன் சிரித்தது அன்றைக்குத்தான். எடை ஐம்பத்து இரண்டரை. பிறகு ஐம்பத்து இரண்டு. கிருஷ்ணமணி சொல்வதற்கு முன்பே கிரேசி எட்டிப் பார்த்துக் குலவை போட்டாள்.

அவன் மைசூருக்குப் புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சபையில் அசனம். கோயில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு வருஷாவருஷம் நடக்கும். பெரிய வார்ப்பு அண்டாவில் சோறு, ஆட்டிறைச்சிக் கறி, ஊர் முழுக்க ஒரே பந்தி. காலை ஆராதனை முடியும் முன்பே கறியின் மணம் பாட்டுப் புத்தகத்துக்குள் வந்துவிடும். போகாமல் இருக்க முடியாது. போய்த் தின்னாமல் இருக்கவும் முடியாது. அசனச் சோற்றை வேண்டாம் என்கிறவனை ஊர் மறக்காது.

ஜெஸ்பின் பந்தலுக்கு வெளியே நின்றான். சபைச் செயலாளர் ஜெயசிங் பார்த்துவிட்டார்.

"வாலே, இரி. கர்த்தருக்க பந்தி."

"எனக்கு வேண்டாம் மாமா. எடை இருக்கு."

"என்ன எடை? குதிரைப் பந்தயத்துக்கு நோன்பா? நாப்பது நாளு ஏசுவுக்கு இருக்கமாட்டிய, குதிரைக்கு இருப்பிய."

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஷைஜா பெண்கள் பந்தியில் இருந்து எழுந்தாள். என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அதற்குள் ஜெஸ்பின் வேட்டியை மடித்துக் கட்டினான். நேரே வார்ப்புப் பக்கம் போனான். கறி வாளியைத் தூக்கினான்.

"இருக்கதுக்குத்தான் முடியாது மாமா. வெளம்புகேன்."

பிறகு பந்தி பந்தியாக அவனே விளம்பினான். அத்தனை நாள் பட்டினி கிடந்தவன், ஆவி பறக்கும் ஆட்டிறைச்சியை ஊருக்கெல்லாம் அள்ளி வைத்தான். ஷைஜா அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்டி ஆடவில்லை. எலும்பு கேட்டவனுக்கு எலும்பு, ஈரல் கேட்டவனுக்கு ஈரல். ஜெயசிங்குக்கு நெஞ்செலும்பாகப் பார்த்து இரண்டு துண்டு அதிகம் வைத்தான். அவர் இலையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், குனிந்து தின்னத் தொடங்கினார்.

பெண்கள் பந்தியில் தேவகனியின் முன்னால் வந்து நின்றான்.

"அம்மைக்கு?"

தேவகனியின் கண் நிறைந்திருந்தது. ஆனால் குரல் ஆடவில்லை.

"நெறைய வையி மக்கா. நான் ஒனக்கும் சேத்துத் தின்னுகேன்."

பந்தியே சிரித்தது. தேவகனி சொன்னபடியே தின்றாள். மூன்று முறை வாங்கித் தின்றாள்.

பந்தயம் ஒரு புதன்கிழமை. அண்டி ஆபீஸுக்கு வேலை நாள். ஷைஜாவின் போனைப் பருப்பு டின்மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். கிருஷ்ணமணி, "யாரும் கைய நிறுத்தப்பிடாது, உரிச்சுக்கிட்டே பாருங்க" என்றார். முதலில் கையை நிறுத்தியவர் அவர்தான். தேவகனி கோயிலுக்குக் கட்டும் சேலையோடு, குடையை மடக்கிக்கொண்டு வந்து பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள்.

"அவன் எது?"

"மஞ்சத் தொப்பி மாமி. ஏழாம் நம்பர். குதிரைக்குப் பேரு ரோஸி."

"நம்ம ரோசியா?" என்றாள் பூங்கனி. அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு ரோசி உண்டு. சூதாட்டத்துக்கு ஜெபிக்கலாமா என்று காலையில் இருந்து அவளுக்குள் தர்க்கம் ஓடிக்கொண்டிருந்தது. பெயரைக் கேட்டதும் தர்க்கம் தீர்ந்தது. கண்ணை மூடினாள். "ஆண்டவரே, எங்க ரோசிக்குக் காலுக்குப் பெலன் தாரும். அவளுக்க மேல இருக்கப்பட்ட பிள்ளையையும் தாங்கும்."

"ஆமென்" என்றார் கிருஷ்ணமணி. அவர் சபைக்காரர் இல்லை, சாயங்காலம் விளக்கு வைத்து அய்யாவைக் கும்பிடுகிற மனிதர்.

போன் திரையில் கதவு திறந்தது. குதிரைகள் பாய்ந்தன. மைசூரிலும் மழை பெய்திருந்தது, குளம்படியில் சேறு தெறித்தது. மஞ்சள் தொப்பி கடைசியில் இருந்து இரண்டாவதாகப் போயிற்று.

"அய்யோ, பின்னால கெடக்கான்" என்றாள் கிரேசி.

"பேசாம இரி" என்றாள் ஷைஜா. அவளுக்கு அந்தத் தோள் தெரிந்தது. இடப்பக்கம் ஒரு விரல்கடை தாழ்ந்து, அசையாமல் குதிரையின் கழுத்தோடு கிடந்தது. அவன் அவசரப்படவில்லை. ரோஸியை அவள் இஷ்டத்துக்கு விட்டிருந்தான். வளைவு வந்தது. அவன் விழுந்ததும் இப்படி ஒரு வளைவில்தான். தேவகனி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். உள்பக்கம் குதிரைகள் நெருக்கியடித்துத் திரும்பின. இவன் வெளிப்பக்கமாக அகன்றான்.

நேர்த்தடத்துக்கு வந்தபோது மற்றவர்கள் எல்லாரும் சாட்டையை ஓங்கியிருந்தார்கள். ஜெஸ்பின் கையில் சாட்டை இருந்தது, அது மேலே எழவில்லை. இரண்டு கைகளையும் முன்னால் தள்ளினான். மறுபடி தள்ளினான். ரோஸி காதை மடக்கினாள்.

பிறகு நடந்ததைக் கிரேசி பல வருஷம் சொல்லிக்கொண்டிருப்பாள். ஒவ்வொன்றாக விழுங்கினாள் என்பாள். ஆறாவது, நாலாவது, மூன்றாவது. "தள்ளுலே! தள்ளுலே மக்கா!" என்று கிருஷ்ணமணி எழுந்து நின்று கத்தினார். பெண்களின் மடியில் இருந்த பருப்பெல்லாம் தரையில் கொட்டியது. கடைசியில் ஒரு பெரிய சிவப்புக் குதிரை மட்டும் மீதி இருந்தது. இரண்டும் ஒன்றாகவே ஓடின, ஒரே மிருகம் மாதிரி. கோட்டைத் தாண்டும்போது ரோஸியின் மூக்கு முன்னால் இருந்தது. மூக்கு மட்டும் இல்லை, கழுத்தும் இருந்தது.

ஷெட் இடிந்து விழுவது போல ஒரு சத்தம். குலவை, கைதட்டல், அல்லேலூயா. டின் ஒன்று உருண்டு ஓடியது.

தேவகனி முகத்தை மூடியபடியே கேட்டாள். "விழுந்தானா?"

"விழல்ல மாமி! ஜெயிச்சாச்சு!"

"விழல்லல்லா?"

"இல்ல மாமி."

"அது போரும்." தலைப்பை எடுத்துவிட்டு அவளும் குலவை போட்டாள். மற்றவர்களைவிட அவள் குரல் உயர்ந்து கேட்டது.

ஷைஜா மட்டும் எழவில்லை. "இனியும் முடியல்ல" என்றாள்.

"என்னட்டி முடியல்ல? எல்லாரும் பாத்தாச்சே."

"எறங்குன பொறவும் சேணத்தோட தராசுல ஏறணும். ஓடுததுக்கு மின்ன நிறுத்த எடையில இருந்து கொறஞ்சிருந்தா ஜெயிச்சது செல்லாது."

சத்தம் அடங்கியது. இத்தனை நாள் அந்த உடம்பில் எடை குறைய வேண்டும் என்று குலவை போட்டவர்கள், இப்போது ஒரு நுள்ளுகூடக் குறையாமல் இருக்கட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். போனில் யாரோ இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார்கள். மழை. நனைந்த ஆட்கள். குடைகள். மஞ்சள் தொப்பியைக் காணவில்லை. கிருஷ்ணமணி தன் தராசைப் போய்த் தொட்டுவிட்டு வந்தார்.

போன் அடித்தது. ஷைஜா காதில் வைத்தாள்.

"ஷைஜா."

"எடை?"

"சரியா இருக்கு. ஜெயிச்சது நிலைச்சாச்சு."

ஷைஜா தலையை மட்டும் ஆட்டினாள். அந்தத் தலையாட்டலைப் பார்த்துவிட்டுக் கிரேசி மறுபடி குலவை தொடங்கினாள், ஷெட்டும் பின்னாலேயே தொடங்கியது. தேவகனி போனைப் பிடுங்கினாள்.

"லே மக்கா, இனியாவது வல்லதும் தின்னுலே. பிரியாணி வாங்கித் தின்னு. கேட்டியா?"

அந்தப் பக்கம் சிரிப்பு. பிறகு அவன் என்னவோ சொன்னான். தேவகனிக்கு இரைச்சலில் கேட்கவில்லை. போனை ஷைஜாவிடமே நீட்டினாள்.

"என்ன சொன்னிய?"

"அம்மைக்கிட்டச் சொல்லு. அனில் சார் வெள்ளிக்கிழமைக்கு ரெண்டு குதிர தந்திருக்காரு. இன்னொரு லாயத்துல இருந்தும் ஒருத்தரு வந்து எனக்க கையப் பிடிச்சுக்கிட்டு நிக்காரு. வாற மாசம் முழுக்க ஓட்டணுமாம்." மூச்சு வாங்கினான். "அதுல ஒண்ணுக்கு இதவிட ஒரு கிலோ கொறவா இருக்கணும். ஷைஜா, கேக்குதா? கூப்பிடுகானுவ. என்னைய மறுபடியும் கூப்பிடுகானுவ."

"கேக்குது" என்றாள் ஷைஜா. "நல்லாக் கேக்குது."

போனை இறக்கினாள். எல்லா முகமும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. மடியில் கிடந்த பருப்புத் தோலை உதறிவிட்டு எழுந்து நின்றாள். கல்யாணத்துக்கு அழைப்புச் சொல்கிறவள் போல ஷெட் முழுதும் கேட்கச் சொன்னாள்.

"இனியும் பட்டினியாக்கும்!"